நூறு சதவீதச் சாவடி

பொன்விளைமங்கலம் திருவையாற்றுக்குக் கிழக்கே, பஸ்ஸில் இருபது நிமிஷம். அறுவடைக் காலத்தில் வானம் கறுத்தால் அந்த ஊர் ஜனங்கள் முதலில் கடவுளை நினைப்பார்கள், அடுத்தபடியாகத் தார்ப்பாய்க் கடை பஞ்சநதத்தை. கடவுளிடம் பேரம் பேச முடியாது, பஞ்சநதத்திடம் ஓரளவு பேசலாம் என்பதால் கடையில்தான் கூட்டம் அதிகம் இருக்கும்.

தேர்தல் அதிகாரிகளும் அவரிடம்தான் வந்தார்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அமையும் 143-ஆம் எண் வாக்குச்சாவடிக்கு வெயில் மறைப்பு வேண்டும் என்று, ‘திரு. பஞ்சநதம் அவர்களுக்கு’ என முகவரியிட்டு, முத்திரை குத்தி ஓர் ஆணை வந்தது. முப்பதுக்கு இருபது அடியில் நீலப் பாய் இரண்டை முதல் நாள் சாயங்காலமே இழுத்துக் கட்டிக் கொடுத்தார். மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர் ஆண்கள் வரிசையிலும் மனைவி மதுரம் பெண்கள் வரிசையிலுமாகத் தங்கள் பாயின் நிழலிலேயே நின்றார்கள். பஞ்சநதம் அண்ணாந்து பார்த்தார். ஒரு பொத்தல் இல்லை.

143 மற்றச் சாவடிகளுக்கு முன்மாதிரியாக அமைத்த ‘மாதிரி வாக்குச்சாவடி’. வாசலில் வாழைமரம், பலூன் வளைவு, ஓட்டுப் போட்டவர்கள் முகத்தை நுழைத்துப் படமெடுத்துக்கொள்ள ஓர் அட்டைச் சட்டம், முதல் தடவை வாக்களிப்பவர்களுக்குக் கொடுக்க ஒரு வாளி நிறைய ரோஜா. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பேனர்: ‘ஒரு வாக்காளரும் விடுபடக் கூடாது. நமது இலக்கு நூறு சதவீதம்.’

இரண்டு வரிசையும் உள்ளே ஒரே மேஜையில் போய் முடிந்தன. பஞ்சநதம் அடையாள அட்டையை நீட்டினார். பட்டியலோடு உட்கார்ந்திருந்த இளைய அலுவலர் மேலும் கீழும் விரலை ஓட்டினார்.

“பேரு இல்லையே சார்.”

“இருக்கும் தம்பி. மதுரம்னு ஒரு பேரு இருக்கா பாருங்க. அதுக்கு மேல இருக்கும். முப்பது வருஷமா நான் மேல, அவ கீழ.”

“பட்டியல்ல மட்டும்,” என்றாள் பக்கத்து வரிசையிலிருந்து மதுரம்.

“இருக்கு சார். ஆனா பேரு மேல முத்திரை குத்தியிருக்கு.” அலுவலர் குனிந்து வாசித்தார். “நீக்கம். காரணம், இறப்பு.”

“யாரோட இறப்பு?”

“உங்களோடதுதான் சார்.”

அடுத்தது மதுரத்தின் முறை. அவளுடைய சீட்டை வாங்கி, கட்சி முகவர்கள் காதில் விழும்படி அலுவலர் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தார். “முந்நூத்து எண்பத்தேழு. மதுரம். கணவர் பெயர், லேட் பஞ்சநதம்.” ‘லேட்’ என்பதை மட்டும், பக்கத்தில் நிற்பவர் மனம் புண்படாதபடி, கொஞ்சம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். காவேரி தார்ப்பாய் ஸ்டோரில் விலை சொல்வது பஞ்சநதம், விலையை முடிப்பது மதுரம். எதிரில் நிற்பவர் திரும்பிப் போவதுபோல் பாவனை செய்தாலும் அவள் கண் இமைக்காது. இப்போதும் இமைக்கவில்லை. மை வைக்க நீட்டிய விரலை மட்டும் மடக்கிக்கொண்டாள்.

“தம்பி, இவரு பேருக்கு முன்னாடி ஒரு வார்த்தை போட்டிருக்கீங்க பாருங்க, அதை எடுத்துட்டுச் சொல்லுங்க. வந்து மை வச்சுக்கறேன்.”

சொல்லிவிட்டு வெளியே போய், தார்ப்பாய்க்குக் கீழே முதியோருக்காகப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

சாவடியின் தலைமை அலுவலர் வேதநாயகம் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவர். சாந்தமான மனிதர். பஞ்சநதத்தை ஓரமாக அழைத்துப் போய், ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, “ரொம்ப வருத்தமா இருக்கு சார்,” என்றார். எதற்கு வருத்தம் என்பதை அவர் தெளிவுபடுத்தவில்லை. பிறகு பட்டியல் திருத்தத்துக்காக வீடு வீடாகப் போன வித்யாலக்ஷ்மி டீச்சரைக் கூப்பிட்டனுப்பினார்.

டீச்சர் அந்த வருஷம்தான் ஊருக்கு மாற்றலாகி வந்தவர். இவர்தான் பஞ்சநதம் என்று வேதநாயகம் காட்டியதும் கையிலிருந்த கோப்பு நழுவியது.

“முதலாளி, நீங்களா அது? போட்டோவுல…”

“எந்தப் போட்டோவுல?”

“உங்க வீட்டு ஹால்ல மாட்டியிருக்கே சார். மூணு தடவை வந்தேன். மூணு தடவையும் கதவு பூட்டு. ஜன்னல் வழியா எட்டிப் பாத்தா பெரிய போட்டோ, அதுக்குச் சந்தன மாலை, கீழ சின்னதா ஒரு பல்பு. கண்ணு வேற மூடியிருந்தீங்க. நான் செருப்பைக் கழட்டி வச்சுட்டு, ஜன்னலுக்கு வெளியவே நின்னு ஒரு நிமிஷம் கும்பிட்டுட்டுத்தான் சார் போனேன்.”

போட்டோ உண்மை. ஜனவரிக் கடைசியில் பஞ்சநதத்துக்கும் மதுரத்துக்கும் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் நடந்தது. கலசத் தண்ணீரைத் தலையில் ஊற்றுகிறபோது யாராயிருந்தாலும் கண்ணை மூடிக்கொள்வார்கள். அந்தக் கணத்தைப் பிடித்த போட்டோகிராபர், இதுதான் இயற்கையாக வந்திருக்கிறது என்று சொல்ல, சென்னையில் இருக்கும் மகள் அதையே பெரிதாக்கிச் சட்டம் போட்டு அனுப்பினாள். வணிகர் சங்கம் போட்ட சந்தன மாலையைப் பீரோவில் வைத்தால் பூச்சி அரிக்கும் என்று மதுரம் அதை எடுத்துப் படத்துக்கே போட்டுவிட்டாள். எமனைக் காலால் உதைத்த சாமி இருக்கிற ஊரில் ஆயுள் நீள எடுத்த படம். அந்தப் படத்தை வைத்துத்தான் கணக்கை முடித்திருந்தார்கள்.

“அக்கம்பக்கத்துல ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே டீச்சர்?” என்றார் பஞ்சநதம்.

“விசாரணையைவிடச் சாட்சிக் கையெழுத்துதான் முக்கியம்னு பயிற்சியில சொன்னாங்க சார். அது சரியா வாங்கியிருக்கேன்.”

வேதநாயகம் கோப்பைப் பிரித்துப் படிவத்தை எடுத்தார். ‘மேற்படி பஞ்சநதம் பிப்ரவரி 11-ஆம் தேதி இறந்துவிட்டார் என்பதை நான் நன்கு அறிவேன்.’ அதற்குக் கீழே ஒரு வளைந்த கையெழுத்து. அதன்மேல் ஊதா மையில் முத்திரை: உரிமையாளர், காவேரி தார்ப்பாய் ஸ்டோர்.

பஞ்சநதம் அதை வெகுநேரம் பார்த்தார். சம்பா அறுவடை. களத்தில் நெல் கிடக்க, காலையிலிருந்து வானம் கறுத்து மோடம் போட்டிருந்த நாள். கடையில் பாய்க்கு அடிதடி. நடுவில் ஒரு டீச்சர், கையில் நாற்பது படிவம். “சும்மா சாட்சிக்குத்தான் முதலாளி, ஊர்ல கடை வச்சிருக்கிறவங்க யாராவது போடலாம்.” ஜாமீன், சாதிச் சான்றிதழ், கேஸ் இணைப்பு என்று அந்த ஊரில் எதற்கும் அவர்தான் கையெழுத்து. ஒரு கையால் பாயை அளந்துகொண்டே மறு கையால் நாற்பது இடத்திலும் போட்டு, முத்திரையும் குத்தினார். கடைக்காரரை எல்லோரும் முதலாளி என்றே கூப்பிட்டதால், அவருக்குப் பெயர் என்று ஒன்று உண்டா என்று டீச்சரும் யோசிக்கவில்லை.

“இது என் கையெழுத்துதான்,” என்றார்.

வேதநாயகம் முகத்தில் நிம்மதி தெரிந்தது. “அப்ப பிரச்சினை இல்ல சார். சாட்சியே ஒத்துக்கிட்டாரு.”

இதற்குமேல் இதை மண்டல அலுவலர்தான் தீர்க்க வேண்டும் என்று போன் போனது. மண்டல அலுவலர் இளம்பரிதி பன்னிரண்டு மணிக்கு ஜீப்பில் வந்து இறங்கினார். இறங்கியதும் மேலே பார்த்தார்.

“பஞ்சநதம், உங்க பாய் அந்த மூலையில தொங்குது பாருங்க. இழுத்துக் கட்டச் சொல்லுங்க.”

“சார், என் பேரு உங்களுக்கே தெரியுது.”

“தெரியாம? ஆர்டர்ல கையெழுத்துப் போட்டதே நான்தானே.”

“அப்ப நான் உயிரோட இருக்கேன்ல சார்?”

இளம்பரிதி பொறுமையாகச் சிரித்தார். இருபது வருஷ அரசுப் பணியில் பாமரர்களின் இந்தக் குழப்பத்தை அவர் பலமுறை தீர்த்துவைத்திருக்கிறார்.

“சப்ளையர் பட்டியல்ல இருக்கீங்க. அதுல எந்த மாற்றுக் கருத்தும் இல்ல. வாக்காளர் பட்டியல் வேற. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிட்டா நிர்வாகம் எப்படி நடக்கும்? உங்க பேரை எடுத்துட்டு நாங்க சும்மா இருக்கல. வரைவுப் பட்டியலை ரேஷன் கடைச் சுவத்துல பதினஞ்சு நாள் ஒட்டினோம். எறந்தவங்க தரப்புலேர்ந்து ஒரு ஆட்சேபம்கூட வரல.”

“நான் எறந்தது எனக்குத் தெரியாதே சார்.”

“அது உங்க கவனக்குறைவு.” படிவத்தை வாங்கிப் பார்த்தார். அவர் குரல் இறங்கியது. “இன்னொண்ணு சொல்றேன், நல்லா கேட்டுக்குங்க. நீங்க உயிரோட இருக்கீங்கன்னா இந்தச் சாட்சி பொய். பொய்ச் சாட்சி சொன்ன கடைக்காரர் மேல நான் வழக்குப் போடணும். சாட்சி உண்மைன்னா நீங்க உயிரோட இல்ல, உங்க மேல யாரும் வழக்குப் போட முடியாது. யோசிச்சுச் சொல்லுங்க. எனக்கு ரெண்டும் சம்மதம்.”

பஞ்சநதம் யோசித்தார். வாங்கினாலும் நஷ்டம், விற்றாலும் நஷ்டம் என்ற சரக்கை அவர் அதுவரை பார்த்ததில்லை.

“வேற வழியே இல்லையா சார்?”

“ஏன் இல்ல? புது வாக்காளரா விண்ணப்பிங்க. அடுத்த தேர்தலுக்கு வந்துரும். பதினெட்டு வயசு பூர்த்தியாயிடுச்சுங்கறதுக்கு ஆதாரம் வேணும். இத்தனை நாளா ஏன் சேரலைன்னு ஒரு விளக்கம் எழுதித் தரணும். முதல் தடவை ஓட்டுப் போடும்போது ரோஜா உண்டு.”

பஞ்சநதம் வெளியே வந்து மதுரத்தின் பக்கத்தில் நின்றார். அவருக்கு அலுத்துவிட்டது.

“நீயாவது போய்ப் போட்டுட்டு வந்துடு மதுரம். வீட்டுக்குப் போகலாம். ஒரு வார்த்தைதானே, எங்கயோ ஒரு காகிதத்துல.”

“மூணு மாசம் ஆகல, அத்தனை பேரு முன்னாடி ரெண்டாந் தடவை தாலி கட்டிக்கிட்டேன்,” என்றாள் மதுரம். “இந்தச் சீட்டைக் குடுத்து ஓட்டுப் போட்டா, ஆமா, இவரு போயிட்டாருன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. நீங்கதான் படிக்காம கையெழுத்துப் போட்டீங்க. நான் படிச்சுட்டேன்ல?”

இது சாதாரண சாவடியாக இருந்திருந்தால் அவளை அப்படியே உட்காரவிட்டிருப்பார்கள். ஆனால் இளம்பரிதிக்கு அவரது மண்டலத்திலிருந்து ஒரு நூறு சதவீதச் சாவடி வேண்டும். அதற்கென்று ஒரு கேடயம் உண்டு. போன தேர்தலில் 143-இல் தொள்ளாயிரத்துப் பதினோரு பேர் இருந்தார்கள். அத்தனை பேரையும் ஒரே நாளில் கொண்டுவருவது மனித சக்திக்கு அப்பாற்பட்டது என்று கண்டுகொண்ட இளம்பரிதி, பட்டியலை வாக்குப்பதிவுக்கு ஏற்ற அளவுக்குக் கொண்டுவந்தார். துபாய்க்கும் திருப்பூருக்கும் போனவர்கள் ‘இடம் மாறியவர்’ ஆனார்கள். கதவைத் தட்டியபோது குளித்துக்கொண்டிருந்தவர்கள் ‘வராதவர்’ ஆனார்கள். மாலை போட்ட படம் இருந்த வீடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் மிஞ்சினார்கள். கூப்பிட்டால் வந்துவிடுகிற தூரத்தில் இருப்பவர்கள். அன்று காலையிலிருந்து பெயர் இல்லை என்று திரும்பிப் போனவர்களுக்குத் தனி வரிசை ஏற்பாடு செய்திருந்தார்கள். சாவடியிலேயே வேகமாக நகர்ந்த வரிசை அதுதான்.

மாலை நாலு மணிக்கு அறுநூற்றுப் பதினோரு ஓட்டு விழுந்திருந்தது. கேடயம் ஜீப்பின் பின்சீட்டில், துண்டு போர்த்தி, தயாராக இருந்தது. ‘நூறு சதவீதம்’ என்று எழுத்தும் வெட்டியாகிவிட்டது.

இளம்பரிதி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு மதுரத்தின் எதிரில் உட்கார்ந்தார். அவர் அறியாத ஒரு விஷயம், அந்தக் கணத்திலிருந்து அவர் கடைக்கு வந்த வாடிக்கையாளர் என்பது.

“அம்மா, ஜனநாயகக் கடமை…”

“அதை விடுங்க. என்ன தர்றீங்க?”

ரோஜா தருவதாகச் சொன்னார். மரக்கன்று தருவதாகச் சொன்னார். பாராட்டுச் சான்றிதழில் அவள் பெயரைப் பெரிய எழுத்தில் போடுவதாகச் சொன்னார். மதுரம் ஒவ்வொன்றுக்கும் ஒரே மாதிரி தலையாட்டி மறுத்தாள். பிறகு அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு உண்மையான விலைக்கு வந்தார்.

“சரிம்மா. காரணத்தை மாத்தச் சிபாரிசு பண்றேன். எறப்பு வேணாம். இடம் மாறியவர்னு எழுதிடலாம்.”

“எங்க மாறினாரு?”

“எங்கயாவது. துபாய்னு வச்சுக்குவோமே.”

“துபாய்க்குப் போனவரு தினம் மத்தியானம் ஒரு மணிக்கு ரசஞ்சாதத்துக்கு வந்து நிப்பாரா?”

“அப்ப இரட்டைப் பதிவு. ஒரே ஆளு ரெண்டு இடத்துல இருக்காருன்னு அர்த்தம்.”

“அந்த இன்னொரு இடம் எங்கன்னு ஊரு கேக்கும். அதுக்கு வேற நான் பதில் சொல்லணும்.”

“தொடர்புகொள்ள இயலாதவர்?”

மதுரம் கணவனை ஒரு முறை பார்த்தாள். “அது உண்மைதான். இருந்தாலும் வேணாம். உயிரோட இருக்காருன்னு எழுதுங்க. அதுக்குக் கீழ ஒரு பைசா குறைக்க மாட்டேன்.”

“அப்படி ஒரு கட்டமே படிவத்துல கிடையாதும்மா,” என்றார் பக்கத்தில் நின்ற வேதநாயகம்.

ஐந்தே முக்காலுக்கு இளம்பரிதி எழுந்தார். வராதவர், இடம் மாறியவர், இறந்தவர் துணைப்பட்டியலில் ஆறு மணி வரை பெயர் சேர்க்க அவருக்கு அதிகாரம் உண்டு. அதில் சேர்ந்துவிட்டால் கேடயக் கணக்கில் வராது.

“முந்நூத்து எண்பத்தேழை இதுல ஏத்துங்க. வராதவர்னு போடுங்க.”

வேதநாயகம் கூரையைக் காட்டினார். “கேமரா இருக்கு சார். காலையிலேர்ந்து கலெக்டர் ஆபீஸ்ல பாத்துக்கிட்டிருக்காங்க. இந்தம்மா ஏழு மணிக்கே வந்துட்டாங்க.”

“அப்ப இடம் மாறியவர்.”

“நாற்காலியைக்கூட மாத்தல சார்.”

இளம்பரிதி மூன்றாவது கட்டத்தைப் பார்த்தார். வேதநாயகமும் பார்த்தார். கடிகாரம் ஐந்து ஐம்பத்து இரண்டு.

“சாட்சி வேணுமே சார்,” என்றார் வித்யாலக்ஷ்மி டீச்சர் மெதுவாக. எல்லோருடைய கண்ணும் பஞ்சநதத்தின் சட்டைப் பையிலிருந்த பேனாவுக்குப் போயிற்று.

“மாட்டேன்,” என்றார் பஞ்சநதம். அன்று முழுவதும் அவர் உரத்துப் பேசிய ஒரே வார்த்தை அது. “எனக்கு நானே போட்டுக்கிட்டது போதும். இவளுக்குப் போட மாட்டேன்.”

மதுரம் கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். படிவத்தை வாங்கி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாள்.

“இதுல தேதின்னு ஒரு இடம் காலியா இருக்கே. இவருக்கு என்ன தேதி போட்டீங்க?”

“பிப்ரவரி பதினொண்ணு,” என்றார் டீச்சர்.

“எனக்குப் பிப்ரவரி பத்துன்னு போடுங்க.”

“இன்னைக்குத் தேதிதானே போடணும்?” என்றார் இளம்பரிதி.

“இன்னைக்குத் தேதி போட்டா ரெண்டரை மாசம் நான் தாலி இல்லாம இருந்ததா ஆயிடும். ஒரு நாள் முன்னாடி போடுங்க சார். பூவும் பொட்டுமாப் போன மாதிரி இருக்கட்டும். அதைப் போட்டா இவரு கையெழுத்துப் போடுவாரு.”

இளம்பரிதி உடனே சம்மதித்தார். அத்தனை சுலபமாக ஒருவர் ஒத்துக்கொண்டால் விலையை இன்னும் ஏற்றியிருக்கலாம் என்று எந்த வியாபாரிக்கும் தோன்றும். மதுரத்துக்குத் தோன்றவில்லை. வேதநாயகம் தேதியை எழுதினார். எழுதும்போது நிமிரவே இல்லை. பஞ்சநதம் இந்தத் தடவை முழுவதையும் படித்தார். ‘மேற்படி மதுரம் பிப்ரவரி 10-ஆம் தேதி இறந்துவிட்டார் என்பதை நான் நன்கு அறிவேன்.’ இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஆறு மணிக்கு வாசல் சாத்தப்பட்டது. அறுநூற்றுப் பதினொன்றுக்கு அறுநூற்றுப் பதினொன்று. ஆறே காலுக்குத் தார்ப்பாய்க்குக் கீழே கேடயத்தைத் துண்டு விலக்கித் தூக்கிப் பிடித்தபடி இளம்பரிதி பேசினார்.

“இது வெறும் எண் இல்ல. இந்தச் சாவடியில உயிரோட இருக்கிற அத்தனை பேரும் ஓட்டுப் போட்டுட்டாங்க. ஓட்டுப் போடாதவங்க யாருமே உயிரோட இல்ல. இதைவிட ஒரு ஜனநாயகத்துக்கு என்ன பெருமை வேணும்?”

எல்லோரும் கைதட்டினார்கள். முன்வரிசையில் நின்ற பஞ்சநதமும் மதுரமும் தட்டினார்கள். கூட்டம் முடிந்ததும் இளம்பரிதி பஞ்சநதத்தின் தோளைத் தொட்டு, அடுத்த வாரம் பாராட்டு விழா இருக்கிறது, பெரிய பாயாக நாலு வேண்டும், ஆணை அவர் பெயருக்கே வரும் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

இருவரும் கயிற்றை அவிழ்த்து, பாயை உதறி மடித்து, மொபெட்டில் கட்டினார்கள். ஆற்றுப் பாலம் தாண்டியதும் பின்னாலிருந்து மதுரம் கேட்டாள்.

“ஏங்க, நான் போன அப்பறம் ஒரு நாள் பூரா தனியா இருந்திருக்கீங்க. காலையில காபி யாரு போட்டுக் குடுத்தா?”

பஞ்சநதம் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தார்.

“குடிக்கல. அதான் மறுநாளே கிளம்பி வந்துட்டேன்.”